போடு என்றால் 'புட்' இல்லை: பழைய வண்ணாரப்பேட்டை மாலை ஆங்கில வகுப்பு எப்படி?

எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள், இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. வாரம் மூன்று நாள், மாலை 7 மணியிலிருந்து 8.30 வரை. 12 வாரத்தில் 36 வகுப்பு. கட்டணம் 3,600 ரூபாய். 160 பக்க நோட்டும் அதிலேயே அடக்கம். துறைமுகத்தைச் சுற்றி, சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ் பையன்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், துணிக்கடையில் பில் போடும் பெண்கள், மணலி, எண்ணூர் பக்கம் சூப்பர்வைசராக இருப்பவர்கள் வருகிறார்கள். கிராமர் ஓரளவு தெரியும், பேசவும் வரும், ஆனால் கேட்கிறவர் நடுவில் ஒரு நொடி புருவத்தைச் சுருக்குவார் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான வகுப்பு இது. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டியவர்களுக்குச் சரிப்படாது.

புருவம் ஏன் சுருங்குகிறது? 'ஐ புட் லீவ் யெஸ்டர்டே' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஸ் சரி, எழுவாய் பயனிலை சரி, சொற்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். ஆனால் 'லீவ்' என்ற பெயர்ச்சொல் 'புட்' என்ற வினையோடு சேராது, 'டேக்' என்பதோடுதான் சேரும். எந்த வினை எந்தப் பெயரோடு சேரும், எந்த வினை எந்தப் பெயரடையோடு சேரும் என்பதை டென்ஸ் அட்டவணை சொல்லித் தராது. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போர்டு மாட்டிய இடங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு டென்ஸையும் போர்டில் எழுதிவிட்டுக் கடையை மூடிவிடும். இந்த வகுப்பு டென்ஸுக்கு ஒதுக்குவது மூன்றே நாள். மீதி நாளெல்லாம் சொற்சேர்க்கைதான். முதல் எட்டு வாரத்துக்குத் தயங்காமல் பணம் கட்டலாம். கடைசி நான்கு வாரத்தில் குறைகள் உண்டு; அவற்றையும் சொல்கிறேன்.

வகுப்பின் பெரிய பலம், அது ஆங்கில வினையிலிருந்து தொடங்குவதில்லை என்பது. வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் வினையிலிருந்து தொடங்குகிறது. நோட்டின் முதல் பாடம் 'போடு'. பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் நாம் தினமும் சொல்லும் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். லீவு போடு: 'டேக் லீவ்' அல்லது 'டேக் எ டே ஆஃப்'. மீட்டிங் போடு: 'ஹோல்ட் எ மீட்டிங்', ஆட்களைக் கூப்பிடுவதை மட்டும் சொல்ல 'கால் எ மீட்டிங்'. ஆர்டர் போடு: 'பிளேஸ் ஆன் ஆர்டர்'. கேஸ் போடு: 'ஃபைல் எ கேஸ்'. பிளான் போடு: 'மேக் எ பிளான்'. சத்தம் போடு: 'மேக் எ நாய்ஸ்'. கணக்கு போடு: 'டூ எ சம்'. சண்டை போடு: 'ஹாவ் எ ஃபைட்', வம்புக்கு இழுத்தால் 'பிக் எ ஃபைட்'. கண்டிஷன் போடு: 'செட் எ கண்டிஷன்'. ஃபேன் போடு: 'ஸ்விட்ச் ஆன் தி ஃபேன்'. பூட்டு போடு, கையெழுத்து போடு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் கூட்டே வேண்டாம். 'லாக்', 'சைன்' என்ற தனி வினை போதும்.

ஒரே பக்கத்தில் இத்தனை வரி. ஒவ்வொன்றிலும் தமிழில் 'போடு', ஆங்கிலத்தில் வரிக்கு வரி வேறு வினை. பார்த்த மாத்திரத்தில் ஒன்று விளங்கும்: தமிழ் 'போடு'வுக்கு இங்கே தனிப்பொருள் கிடையாது. பொருளைச் சுமப்பது லீவு, மீட்டிங், கேஸ் என்ற பெயர்ச்சொல். வினை அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கூலியாள் மட்டுமே. ஆங்கிலத்தில் 'டேக்', 'மேக்', 'ஹாவ்', 'கிவ்', 'டூ' செய்யும் வேலையும் இதுவேதான். அதனால் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க முடியாது. பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்கு அந்த ஊரில் யார் கூலியாள் என்று கேட்க வேண்டும். பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி ஒரு வரி: வெயிட் போடு, 'புட் ஆன் வெய்ட்'. போடுவும் 'புட்'டும் கைகோர்க்கும் அபூர்வமான இடம். மாணவர்கள் இதை மறப்பதே இல்லை.

அடுத்தது 'எடு'. இதில் ஒரு தவறு தமிழர் எழுதும் மெயில்களில் தினமும் கண்ணில் படும்: 'டேக் எஃபர்ட்'. முயற்சி எடு என்பதிலிருந்து நேரே இறங்கி வந்தது. ஆங்கிலத்தில் 'மேக் ஆன் எஃபர்ட்'தான். போட்டோ எடு, ரிஸ்க் எடு இரண்டும் 'டேக்'கோடு ஒத்துப்போவதால் எல்லா 'எடு'வும் 'டேக்' என்று மனம் நம்பிவிடுகிறது. முடிவு எடு என்பதற்கு 'மேக் எ டெசிஷன்' அதிகம் வழங்கும், பிரிட்டனில் 'டேக் எ டெசிஷன்' என்றும் சொல்வார்கள். இரண்டையும் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. மார்க் எடு என்றால் 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. பசி எடுக்குது என்பதில் பெயர்ச்சொல்லே காணாமல் போய் 'ஐ ஆம் கெட்டிங் ஹங்ரி' என்று பெயரடை வந்து உட்காரும். வாந்தி எடு என்பதற்கு 'வாமிட்', பேச்சு வழக்கில் 'த்ரோ அப்'. 'டேக் வாமிட்' என்று டாக்டரிடம் சொன்னால், வாந்தியை மருந்து மாதிரி உட்கொண்டதாகத்தான் அவர் காதில் விழும். மாத்திரைக்குத்தான் 'டேக்'. மாத்திரையை 'ஈட்' பண்ணுவது இல்லை.

'பிடி' பாடம் வந்தால் வகுப்பே முகம் மலர்கிறது. பஸ் பிடி, மீன் பிடி, சளி பிடி, தீப் பிடி நான்குக்கும் ஆங்கிலத்தில் 'கேட்ச்' ஒன்றே: 'கேட்ச் எ பஸ்', 'கேட்ச் ஃபிஷ்', 'கேட்ச் எ கோல்ட்', 'கேட்ச் ஃபயர்'. காசிமேட்டு லாஞ்சில் வேலை பார்ப்பவருக்கு இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது. ஆனால் அதே வேகத்தில் வீடு பிடி என்பதை 'கேட்ச் எ ஹவுஸ்' ஆக்கிவிடக் கூடாது, அது 'ஃபைண்ட் எ ஹவுஸ்'. நேரம் பிடிக்கும் என்பது 'டேக் டைம்'. வண்டி வேகம் பிடித்தால் 'பிக் அப் ஸ்பீட்'. பைத்தியம் பிடித்தால் 'கோ மேட்'. பஸ்ஸை விட்டுட்டேன் என்பதற்கு 'ஐ லெஃப்ட் தி பஸ்' என்று சொன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனதாக ஆகும். 'மிஸ்ட் தி பஸ்' என்றால்தான் பஸ் போய்விட்டது.

'சொல்லு' பாடம் சிறியது, ஆனால் கச்சிதம். பொய், உண்மை, கதை, ஜோக் நான்கும் 'டெல்'. சாரி, ஹலோ, பிரார்த்தனை மூன்றும் 'சே'. புத்தி சொல்வது 'கிவ் அட்வைஸ்', சாக்கு சொல்வது 'மேக் ஆன் எக்ஸ்க்யூஸ்'. 'சே எ லை' என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் பிழை. இரண்டு வகுப்பில் அது உதிர்ந்துவிடுகிறது.

'மேக்'கும் 'டூ'வும் பெரிய தலைவலி. நமக்கு இரண்டுமே 'பண்ணு'. புதிதாக ஒன்று உருவானால் 'மேக்', ஏற்கெனவே இருக்கும் வேலையைச் செய்து முடித்தால் 'டூ' என்று எல்லா இடத்திலும் சொல்லித்தரும் விதியைத்தான் இங்கேயும் சொல்கிறார்கள். 'மேக் டீ', 'மேக் எ லிஸ்ட்', 'மேக் எ மிஸ்டேக்' ஒரு பக்கம். 'டூ ஹோம்வொர்க்', 'டூ தி டிஷஸ்', 'டூ தி அயர்னிங்' மறுபக்கம். விதி எங்கே உடையும் என்பதையும் கையோடு சொல்வதுதான் இங்கே வித்தியாசம். படுக்கையை மடித்து விரிப்பது தினசரி வேலை, ஆனாலும் 'மேக் தி பெட்'. சேதம் புதிதாக உண்டாவது, ஆனாலும் 'டூ டேமேஜ்'. வியாபாரம் 'டூ பிசினஸ்', அந்த வியாபாரத்தில் வரும் லாபம் 'மேக் எ ப்ராஃபிட்'. உதவி 'டூ எ ஃபேவர்'. போன் கால் 'மேக் எ கால்'. விதி தூண்டில் மாதிரி; கொஞ்சம் மீன் மாட்டும், மீதியைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

இந்த வழி புதிதல்ல. 1933-இலேயே ஹெரால்ட் பாமர் டோக்கியோவில், ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காக இப்படிச் சேர்ந்தே வரும் சொற்கூட்டங்களைத் தொகுத்து அறிக்கையாகக் கொடுத்தார். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பிய ஜே.ஆர். ஃபர்த், 1950-களில் இதை மொழியியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சொல் யாரோடு சேர்ந்து வருகிறதோ அதை வைத்து அந்தச் சொல்லை அறியலாம் என்பது அவர் வாதம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் இது பெரிய சிக்கலாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. காய்ச்சல் ஏன் 'அடிக்கிறது', கோபம் ஏன் 'வருகிறது' என்று நாம் யாரும் யோசிப்பதில்லையே.

ஆறாவது வாரத்தில் வரும் 'போ' பாடம்தான் இந்த வகுப்பின் உச்சம். வினையோடு பெயரடை சேரும் இடம் இது. மற்ற வகுப்புகளில் 'பிகம்' ஒன்றை மட்டும் சொல்லிக் கடந்துவிடுவார்கள். அதனால் மாணவர் பால் கெட்டதற்கும் 'பிகேம் பேட்', கால் மரத்ததற்கும் 'பிகேம் நம்ப்' என்று எழுதுவார். புரியும், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

தமிழில் ஒரு நல்ல நிலை கைவிட்டுப் போவதைச் சொல்ல 'போ' என்ற துணைவினை ஓடி வரும். ஆங்கிலத்தில் அதே இடத்துக்கு 'கோ' வரும். கெட்டுப்போச்சு 'கோ பேட்'. புளிச்சுப்போச்சு 'கோ சவர்'. தப்பாப்போச்சு 'கோ ராங்'. மரத்துப்போச்சு 'கோ நம்ப்'. முகம் வெளுத்துப்போச்சு 'கோ பேல்'. டீ ஆறிப்போச்சு 'கோ கோல்ட்'. முடி நரைச்சுப்போச்சு 'கோ கிரே'. டப்பாவைத் திறந்து வைத்ததில் பிஸ்கட் நமத்துப்போச்சு 'கோ சாஃப்ட்'. கம்பெனி திவாலாப்போச்சு 'கோ பேங்க்ரப்ட்'. வரிசையாக எழுதிப் பார்த்தால் யாரோ திட்டம் போட்டுச் செய்தது போல இருக்கும்.

இதைவிட அழகான பொருத்தம் 'ஆமல் போ'. காணாமல் போ என்பது 'கோ மிஸ்ஸிங்'. கவனிக்கப்படாமல் போ என்பது 'கோ அன்நோட்டிஸ்ட்'. பில் கட்டப்படாமல் போனால் 'கோ அன்பெய்ட்'. தண்டனை இல்லாமல் போனால் 'கோ அன்பனிஷ்ட்'. 'அன்' என்று தொடங்கும் இந்தச் சொற்களோடு 'கோ' சேர்வதை ஆங்கிலப் பாடநூல்கள் விதிவிலக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். தமிழ்க்காரருக்கு அது விதிவிலக்கே இல்லை, வீட்டு வாசல்.

பொருத்தம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. நனைஞ்சுபோச்சு, பயந்துபோயிட்டான், களைச்சுப்போயிட்டேன், கிழிஞ்சுபோச்சு இவற்றுக்கு 'கோ' வராது. 'கெட் வெட்', 'கெட் ஸ்கேர்ட்', 'கெட் டயர்ட்', 'கெட் டோர்ன்'. வகுப்பில் சொல்லும் அடையாளம் நடைமுறைக்கு உதவுகிறது: 'அன்' முன்னால் இல்லாமல் வெறுமனே 'எட்' என்று முடியும் சொல்லாகவோ 'டோர்ன்' போல வினையின் மூன்றாம் வடிவமாகவோ இருந்தாலோ, காய்ந்தோ தூங்கி எழுந்தோ சரியாகிவிடும் நிலையாக இருந்தாலோ 'கெட்' போடு. உடம்பு முடியாமல் போவது மட்டும் தனிக்கதை. 'கோ இல்' கிடையாது, 'ஃபால் இல்'. தூங்கிப் போவதும் அப்படித்தான், 'ஃபால் அஸ்லீப்'. சபை பேச்சற்றுப் போனால் 'ஃபால் சைலன்ட்'. இ.எம்.ஐ. கட்ட வேண்டிய நாள் வந்தால் 'ஃபால் ட்யூ'. நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் தொப்பென்று விழுகிற நிலைகளுக்கு 'ஃபால்' என்று நினைவு வைத்தால் போதும். 'அஸ்லீப்' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் வைக்க முடியாது, தூங்குகிற குழந்தை 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறார்கள். மிகவும் சரியான இடம் அது.

நல்லதாக முடிந்தால் 'கம்': கனவு பலித்தது 'கேம் ட்ரூ'. கட்டியது அவிழ்ந்தாலும் அதே வினைதான், 'கம் லூஸ்', 'கம் அன்டன்'. நிறமும் வயதும் 'டர்ன்': சிக்னல் 'டர்ன்ட் கிரீன்', அக்காவுக்கு நாற்பது ஆனால் 'டர்ன்ட் ஃபார்ட்டி'. கையிருப்பு தீர்வது 'ரன்'. 2019 ஜூனில் புழல் ஏரி உள்படச் சென்னையின் பெரிய ஏரிகள் வறண்டபோது ஆங்கிலத்தில் எல்லாரும் சொன்னது 'ரன் டிரை'. தண்ணீர் குறைந்துகொண்டே வருவது 'ரன் லோ', போதாமல் போவது 'ரன் ஷார்ட்'. குடத்தோடு லாரிக்கு நின்ற ஊருக்கு இந்த மூன்றின் வித்தியாசத்தை விளக்கவே வேண்டியதில்லை. சும்மா இரு, முழிச்சிட்டு இரு என்பதில் வரும் 'இரு'வுக்கு 'கீப்', 'ஸ்டே', 'ரிமெய்ன்' என்று மூன்று பேர். 'கீப் குவைட்', 'ஸ்டே அவேக்', 'ரிமெய்ன் சைலன்ட்'. போர்டுகளில் காணும் 'கீப் சைலன்ஸ்' நம் நாட்டு வழக்கு.

ஒன்பதாம் வாரத்திலிருந்து பெயரடையும் பெயரும். இங்கேதான் வகுப்பு தளர்கிறது. தொடக்கம் என்னவோ பிரமாதம். டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் டீ' உண்டு, அதன் எதிர்ப்பதம் 'வீக் டீ'. 'லைட் டீ' நம் கடையோடு சரி. அடுத்து 'ஹெவி'. சென்னையில் எதற்கும் ஹெவிதான். மழைக்கும் டிராஃபிக்குக்கும் அது சரி: 'ஹெவி ரெய்ன்', 'ஹெவி டிராஃபிக்'. காற்றுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்'. ஜுரத்துக்கு 'ஹை ஃபீவர்'. தலைவலிக்கு 'பேட் ஹெடேக்', டாக்டர் எழுதினால் 'சிவியர்'. போட்டிக்கு 'டஃப்' அல்லது 'ஃபியர்ஸ்'. காயத்துக்கு 'சீரியஸ்'. விலைக்கு 'ஹை'. இந்த ஒரு பக்கம் முடிந்ததும், 120 ஜோடிகளை ஜெராக்ஸ் தாளில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுகிறார்கள். தமிழ்ப் பக்கம் இல்லை, காரணம் இல்லை. எட்டு வாரம் கட்டிய வீட்டுக்கு மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்ட மாதிரி இருக்கிறது. 'காஸ்' என்ற வினை பெரும்பாலும் கெட்டதையே சுமக்கும், 'ப்ரொவைட்' தேவையானதைச் சுமக்கும் என்ற நல்ல செய்திகூட அந்தத் தாளில் ஒற்றை வரியாகப் போய்விடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டி எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை வைத்தே அதைச் சொல்லலாம்: கசிவு 'காஸ்ட் டேமேஜ்', அரசு 'ப்ரொவைடட் ரிலீஃப்'. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் காது உடனே மறுக்கும்.

பதினொன்றாம் வாரத்து மெயில் பயிற்சி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. கிளியரிங் ஆபீஸில் எழுதியது போன்ற ஒரு மெயிலை போர்டில் எழுதுகிறார் சார்: 'வீ புட் பில் ஆஃப் என்ட்ரி யெஸ்டர்டே. கஸ்டம்ஸ் ஆஸ்க்ட் எ கொயரி. ப்ளீஸ் டேக் எஃபர்ட் அண்ட் லீவ் தி கன்டெய்னர் பிஃபோர் டெமரேஜ் கம்ஸ்.' பிறகு வகுப்பு ஒவ்வொரு பெயர்ச்சொல்லாகக் கோடு போட்டு, அதன் வினையைத் தேடுகிறது. இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் கொடுக்கும் 'பில் ஆஃப் என்ட்ரி'க்கு 'ஃபைல்'. 'கொயரி'க்கு 'ரெய்ஸ்'; கேள்வி என்றால் 'ஆஸ்க்', கஸ்டம்ஸ் கொயரி என்றால் 'ரெய்ஸ்'. 'எஃபர்ட்'டுக்கு 'மேக்'. கன்டெய்னரை விடுவிப்பது 'ரிலீஸ்'. 'லீவ்' என்றால் அங்கேயே விட்டுவிட்டு வா என்று நேர் எதிராகிவிடும். டெமரேஜ், அதாவது சரக்கை நேரத்துக்கு எடுக்காததற்கான தாமதக் கட்டணம், தானாக வராது, நாம்தான் அதை 'இன்கர்' பண்ணுகிறோம். திருத்திய மெயில்: 'வீ ஃபைல்ட் தி பில் ஆஃப் என்ட்ரி யெஸ்டர்டே. கஸ்டம்ஸ் ஹாவ் ரெய்ஸ்ட் எ கொயரி. ப்ளீஸ் மேக் எவ்ரி எஃபர்ட் டு ரிலீஸ் தி கன்டெய்னர் பிஃபோர் வீ இன்கர் டெமரேஜ்.' நர்ஸுகளுக்கு இதே முறையில் வார்டு ரிப்போர்ட்: காயத்துக்குக் கட்டுப் போடுவது 'டிரெஸ் தி ஊண்ட்', ரத்தம் எடுப்பது 'டேக் பிளட்' அல்லது 'டிரா பிளட்', ஜுரம் அடிப்பது 'ரன் எ டெம்பரேச்சர்', மூச்சு வாங்குவது 'கெட் பிரெத்லெஸ்'. இப்படிப்பட்ட பயிற்சி இரண்டே நாள்தான் இருக்கிறது. ஆறு நாளாவது வேண்டும்.

மற்ற குறைகள். நம் நாட்டு ஆங்கிலம் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடிக்கிறார்கள். 'ரைட் ஆன் எக்ஸாம்' என்பது சென்னையில் எல்லாருக்கும் புரியும், தப்பென்று அடிக்கத் தேவையில்லை. வெளிநாட்டுத் தேர்வுக்குப் போகிறவர் மட்டும் 'டேக்' அல்லது 'சிட்' என்று மாற்றிக்கொள்ளட்டும். 'டூ தி நீட்ஃபுல்' பழைய ஆபீஸ் வழக்கு, பிழை இல்லை. எது பிழை, எது ஊர் வழக்கு என்று இரண்டு நிற மையில் பிரித்தாலே போதும். கண்டதையெல்லாம் அடித்தால் மாணவர் வாயைத் திறக்கவே பயப்படுவார்.

வாட்ஸாப்பில் அனுப்பும் ஆடியோவில் அழுத்தம் தவறான இடத்தில் விழுகிறது. 'மேக் எ மிஸ்டேக்' என்பதில் சாதாரணமாக அழுத்தம் 'மிஸ்டேக்'கின் மீது. 'மேக் எ' இரண்டும் ஒட்டிக்கொண்டு 'மேக்கெ' என்று வேகமாக ஓடிவிட வேண்டும். வினையை ஓங்கிச் சொன்னால் கேட்பவருக்குப் பொருள் பின்தங்கும். வகுப்பில் சரியாகச் சொல்லித்தரும் அதே ஆசிரியர்கள் பதிவில் மட்டும் வினையை அழுத்துவது ஏன் என்று புரியவில்லை. கேட்டுப் பழகுகிறவர்கள் ஆடியோவை விட்டுவிட்டு வகுப்பில் கேட்பதை நம்புங்கள். கடைசித் தேர்வும் நான்கில் ஒன்றை டிக் அடிக்கும் வகை. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பேசும்போது நாக்குக்கு வருவது வேறு. வெற்றுத் தாளைக் கொடுத்து, தமிழ் வாக்கியத்தைச் சொல்லி, எழுதச் சொல்ல வேண்டும்.

சேர்ந்தவர்கள் நோட்டை வைத்து வீட்டில் செய்ய வேண்டியது இது. அஞ்சல் அட்டை அளவில் அட்டை வெட்டி, ஒரு பக்கம் உங்கள் வேலையில் நிஜமாகவே சொல்லும் தமிழ் வாக்கியம், மறுபக்கம் முழு ஆங்கிலத் தொடர். 'மேக்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'எ' வருமா, 'தி' வருமா, எதுவுமே வராதா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும், ஏனென்றால் பாதிப் பிழை அங்கேதான் நடக்கிறது. 'மேக் எ மிஸ்டேக்' என்பதில் 'எ' உண்டு, 'மேக் ப்ராக்ரஸ்' என்பதில் இல்லை. 'ஹாவ் எ பாத்' உண்டு, 'ஹாவ் லன்ச்' இல்லை. 'பே அட்டென்ஷன்', 'டேக் கேர்', 'கேட்ச் ஃபயர்' மூன்றும் மொட்டையாகவே வரும். கூடவே இறந்தகால வடிவம்: 'டுக்', 'மேட்', 'வென்ட்', 'ஃபெல்', 'ரான்'. நாளைக்கு ஐந்து அட்டை, அதற்கு மேல் வேண்டாம். எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தடுமாறிய அட்டை மறுபடி முதல் நாளுக்குத் திரும்பட்டும்.

டிக்ஷ்னரியில் தேடும்போது வினையைத் தேடாதீர்கள். 'டேக்' என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும், ஒன்றும் தேறாது. 'எஃபர்ட்' என்று பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். கற்பவர்களுக்கான நல்ல டிக்ஷ்னரி எதுவானாலும் அதன் எடுத்துக்காட்டு வாக்கியத்திலேயே 'மேக் ஆன் எஃபர்ட்' இருக்கும். வினையும் பெயரடையும் சேரும் இடத்தில் 'நம்ப்', 'பேங்க்ரப்ட்' என்று பெயரடையைத் தேடுங்கள்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கமிருந்து வருபவர்களுக்கு 2021-இலிருந்து அதுவே வசதி. பைக்கை சந்துக்குள் கொண்டுவர வேண்டாம், நிறுத்த இடமில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோட்டைக் கடக்கவே தனி நேரம் வேண்டும், அதனால் அந்தச் சமயத்தில் தொடங்கும் பேட்ச்சைத் தவிர்த்து ஜனவரியில் சேருவது நல்லது. 'போ' பாடம் நடக்கும் ஆறாவது வாரத்தில் ஒரு நாளும் தவற விடாதீர்கள். விட்டால் அடுத்த பேட்ச்சில் அந்த வாரம் மட்டும் வந்து உட்கார அனுமதிக்கிறார்கள், கூடுதல் பணம் கேட்பதில்லை. நோட்டில் அச்சுப் பிழை ஒன்று இருக்கிறது. 43-ஆம் பக்கம், 'கிவ் ஆன் அட்வைஸ்' என்று வந்திருக்கும். 'அட்வைஸ்' எண்ணிக்கையில் அடங்காத சொல். கையில் வாங்கியவுடன் 'ஆன்' என்பதை அடித்து, மேலே 'சம்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.